அண்ணன் கட்டிக்கொடுத்த மண்கல் வீடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பார்க்க அடிக்கடி ஆட்கள் வருவார்கள். விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் இல்லை. சுவரைப் பார்க்க வருகிறவர்கள். என் அண்ணன்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவான். செருப்பைக் கழற்றும் முன்பே வாசல் சுவரில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக் காட்டி, இதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது, ராஜபாளையத்தில் கட்டடம் கட்டத் தோண்டிய குழி மண்தான் முழுக்க என்று சொல்வான். வந்தவர்களும் தட்டிப் பார்ப்பார்கள். அடுத்து அவர்கள் எந்த இடத்தில் கை வைக்கப்போகிறார்களோ என்று நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டே நிற்போம்.

அந்த வீடு இப்போது இல்லை. என் கணவரும் இல்லை. அண்ணன் இருக்கிறான்.

அண்ணன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ராணுவத்துக்குப் போனவன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்திலோ போலீசிலோ இருந்ததால் அது பெரிய செய்தி இல்லை. பாதை வெட்டுவது, பாலம் போடுவது, தங்குமிடம் கட்டுவது என்று அலைகிற பிரிவு அவனுடையது. அப்பா போன பிறகு என்னை நர்சிங் படிக்க வைத்தது அவன். மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான். லீவில் வந்திருந்தபோது டீக்கடையில் பழகிய ஒரு மில் தொழிலாளியைப் பிடித்துப்போய், நேராக வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். மச்சான் மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே அவர்கள் இருவரும் சிநேகிதர்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்திலேயே அண்ணனும் மதினியும் மட்டும்தான்.

என் கணவருக்கு மில்லில் ப்ளோ ரூம் வேலை. பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குக் கொடுக்கிற இடம் அது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். மறுநாள் சரியாகிவிடும். போகப்போக எல்லா நாளும் முதல் நாள் மாதிரி ஆனது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மூச்சுச் சத்தம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மன்றாடித்தான் அவரை வேலையை விட வைத்தேன். மில்லில் கொடுத்த தொகையில் மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன மனை வாங்கினோம். வீடு கட்டுவது அப்புறம் பார்க்கலாம் என்று வாடகை வீட்டிலேயே இருந்தோம்.

அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த வருஷம், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய கல்யாண மண்டபம் ஒன்று கட்ட ஆரம்பித்தார்கள். கார் நிறுத்துவதற்கு பூமிக்கு அடியில் ஒரு தளம். அதற்காகக் குளம் மாதிரி தோண்டினார்கள். டிப்பர் லாரிகள் தெருவை நாசப்படுத்திக்கொண்டு மண்ணை அள்ளிப் போயின. அண்ணன் காலையில் நடக்கப் போகும்போது அந்த மண் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறான். கண்மாய்க் கரையோரம், ரோட்டுப் பள்ளம், யாரும் கேட்பாரற்ற புறம்போக்கு, இங்கெல்லாம் கொட்டிக் கிடந்தது. தோண்டுகிறவனுக்கு அது சுமை. எங்கேயாவது தொலைத்தால் போதும்.

வடக்கே ஏதோ ஒரு எல்லை முகாமில், லாரி போக முடியாத இடத்தில், அங்கேயே தோண்டிய மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இரும்பு அச்சில் அழுத்திக் கல் செய்து, தங்குமிடம் கட்டியதைப் பற்றி அண்ணன் முன்னாலேயே சொல்லியிருக்கிறான். சூளையில் சுட வேண்டாம். நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டு ஆறவிட்டால் போதும். அதையே இங்கே செய்வோம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. கையால் அழுத்துகிற மெஷின் ஒன்றை வாங்கிவந்து, செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் மதினியின் பிறந்த வீட்டுக் காட்டில் தகரக் கொட்டகை போட்டு இறக்கினான். மண்டபத்துக்காரர்கள் மண்ணைச் சும்மாவே கொண்டுவந்து தட்டிவிட்டுப் போனார்கள்.

"ஏட்டி, மொதக் கல்லு ஒன் வீட்டுக்குத்தான்" என்றான் என்னிடம். என் கணவரிடம், "சுவரு சில்லுன்னு இருக்கும் மாப்ள. நீரு மூச்சு முட்டாம நிம்மதியாத் தூங்குவீரு" என்றான். அவருக்கு அதற்கு மேல் ஒரு காரணமும் தேவைப்படவில்லை. மச்சான் சொன்னால் சரி.

அண்ணன் ஏனோதானோ என்று வேலை செய்கிறவன் இல்லை. மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பான். மணல் அடியிலும் களிமண் மேலேயும் படிந்த பிறகு அளந்து பார்ப்பான். ஈரமண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டு, எப்படி உடைகிறது என்று உட்கார்ந்து பார்ப்பான். அந்த மண்டபத்து மண் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்தது. களி அதிகம் என்று மணல் சேர்த்தான். சிமெண்டும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டான். தங்கச்சி வீடாயிற்றே. எனக்கு டூட்டி இல்லாத நாட்களில் நானும் போவேன். மதினி சல்லடையில் மண் சலிப்பாள். நான் கல்லுக்கு மேல் போட்ட சாக்கில் தண்ணீர் தெளிப்பேன். என் கணவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து, கல் கோணலாக வருகிறது என்று அண்ணனை வம்பு இழுத்துக்கொண்டிருப்பார். கல் கோணலாக வந்ததே இல்லை. அந்த நாட்களைப் போல நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்த காலம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

ஹால், ஒரு அறை, அடுப்படி. மேலே ஓடு. சுவரின் உள்ளேயும் வெளியேயும் பூசவில்லை, கல் தெரியட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். தெருவில் பேச்சுக் கிளம்பத்தான் செய்தது. பக்கத்து வீட்டம்மா, "அவிய மில்லுல இம்புட்டு வருசம் பாடுபட்டது மண்ணு வீட்டுல குடியிருக்கவா?" என்று என்னிடமே கேட்டார். அந்தத் தெருவில் பாதிப்பேர் மண்சுவரிலிருந்து தப்பித்துக் காரை வீட்டுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அது அப்படித்தான் தெரியும்.

முதல் கோடையில் வீடு அண்ணன் சொன்னபடியே இருந்தது. சித்திரை வெயிலில் வெளியே தார் உருகும்போது உள்ளே குளிர்ச்சி. என் கணவர் மத்தியானத்தில் காற்றாடி போடாமல் தூங்கினார். அண்ணன் ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தான். பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர் கல் கேட்டார்கள். மண்டபத்து மண் எங்கள் வீட்டோடு தீர்ந்திருந்தது. அவன் வேறு குழிகளிலிருந்து மண் எடுத்தான். தளவாய்புரம் பக்கம் ஒரு வீடு, வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தோட்ட வீடு என்று வேலை வந்தது. இரண்டாவது மெஷின் வந்தது. ராணுவத்திலிருந்து வந்தபின் குனிந்தே நடந்துகொண்டிருந்தவன், நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். வழியில் பார்க்கிறவர்கள் அவனை நிறுத்தி மண்ணைப் பற்றிக் கேட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நல்ல மழை. மழை விட்டபோது ஹால் சுவரின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கோலமாவு சிந்தியது போல இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்ததும் திரும்ப வந்தது. மாசி பிறந்து வெயில் ஏறியபோது கல்லின் முனைகள் உதிர ஆரம்பித்தன. நகத்தால் சுரண்டினால் உள்ளே போனது. முழங்கால் உயரத்துக்கு ஆரம்பித்து, பிறகு இடுப்பு உயரத்துக்கு ஏறியது. சுவர் பொரிந்து பொரிந்து பொடியாகக் கொட்டியது.

எனக்கு இது உறைக்கவே கொஞ்ச நாளானது. காரணம், நான் எழுந்திரிக்கும் முன்பே என் கணவர் எழுந்து சுவரோரம் கூட்டி அள்ளிக் கொட்டிவிடுவார். ஒருநாள் சீக்கிரம் விழிப்பு வந்து அடுப்படிக்குப் போனபோது, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு முறத்தில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். முறம் நிறைய இருந்தது.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"வேண்டாம்" என்றார். "இப்பத்தான் ஒரு ஆளா நிமிந்து நிக்கான். மொத வீடே இப்பிடின்னு தெரிஞ்சா ஒடஞ்சு போவான். நல்லா ஒரு வெயிலு அடிச்சா ஈரமெல்லாம் போயிரும். சரியாப் போகும்."

வெயில் அடிக்க அடிக்கத்தான் அது மோசமானது. ஈரம் மேலே ஏறி, காயும்போது உப்பாகி, கல்லை உள்ளிருந்து தள்ளியது என்பது பிறகு தெரிந்தது. அவர் சிமெண்டுப் பால் கரைத்துப் பூசினார். அது தகடு தகடாக உரிந்து விழுந்தது. சுண்ணாம்பு அடித்தார். அதுவும் நிற்கவில்லை.

ஆட்களைக் கூட்டிவருவதற்கு முந்தின நாள் அண்ணன் போன் செய்வான். உடனே என் கணவர் வேலையை ஆரம்பித்துவிடுவார். தளர்ந்த பகுதியைச் சுரண்டி எடுத்து, மண்ணைக் குழைத்து அப்பி, காய்ந்தும் காயாமலும் கல்லின் நிறத்துக்குக் கரித்தூள் கலந்து பூசிவிடுவார். பீரோவை மோசமான மூலைக்கு நகர்த்துவோம். அறைச் சுவரில் புடவை காயப்போட்டது போல ஒரு கொடி. ஹாலின் கிழக்கு மூலையை மறைக்க முடியாது. அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு அவரே உட்கார்ந்துகொள்வார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் எழுந்து நின்று, வாங்க உக்காருங்க என்று நாற்காலியைக் காட்டுவார். மூச்சு வாங்குகிற மனிதரை எழுப்பிவிட்டு அங்கே யார் உட்காரப்போகிறார்கள். தட்டுகிறவர்கள் எப்போதும் நெஞ்சு உயரத்தில்தான் தட்டினார்கள். அந்த உயரத்தில் கல் இரும்பாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும் உண்டு. சிரித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். அது நிற்க செத்த நேரம் ஆகும்.

இருமல் நிற்காமல் போனது. மூச்சுக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கிற நெபுலைசர் மெஷினை வீட்டுக்கே வாங்கிவந்தேன். ஆஸ்பத்திரி டாக்டர், தூசியே ஆகாது, இவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொந்த வீட்டில் என்றேன். வாடகைக்கு எங்காவது போய்விடுவோம் என்று அன்று சாயங்காலம் அவரிடம் சண்டை போட்டேன். "மச்சான் வந்து ஏன் காலி பண்ணுனீகன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டார். நான் நர்ஸ் என்பதைவிட அந்த வீட்டில் தங்கச்சியாகத்தான் இருந்தேன்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று எங்கள் ஊரில் நடக்கவே இடம் இருக்காது. ஆடிக் காற்று வேறு. சுவரோரம் கொட்டிய பொடியெல்லாம் காற்றில் எழும்பி, காலையிலேயே வீட்டுக்குள் ஒரு மங்கல். அவர் கட்டிலில் உட்கார்ந்து நெபுலைசர் முகமூடியை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணன் குரல் கேட்டது. பிளவக்கல் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி தேர் பார்க்க வந்திருக்கிறார்கள், வீடு கட்டப்போகிறார்கள், அப்படியே காட்டிவிடலாம் என்று கூட்டிவந்திருந்தான். கூட்டத்தில் போன் கிடைக்கவில்லையாம்.

பீரோ அதன் இடத்தில் இருந்தது. கொடியில் துணி இல்லை. கிழக்கு மூலையில் நாற்காலி இல்லை.

அண்ணன் வழக்கம்போல வாசல் சுவரைத் தட்டிக் காட்டிவிட்டு, உள்ளே வாங்க என்றான். வந்த அம்மா கட்டிலில் இருந்தவரைப் பார்த்ததும் தயங்கி ஓரமாக ஒதுங்கினார். ஒதுங்கும்போது சுவரில் கை ஊன்றினார். கையகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து அவருடைய சேலையில் கொட்டியது. அவர் பதறிப்போய் என்னைப் பார்த்து, நான் ஒன்றும் செய்யவில்லை என்றார். பாவம்.

அண்ணன் அந்த இடத்துக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தான். விரல் போனது. விரலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். வந்தவர்களைத் திரும்பிப் பார்க்காமலே, தேர் நிலைக்கு வருகிற நேரம், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினான். அவர்கள் போன பிறகு பீரோவை ஒற்றை ஆளாக இழுத்து நகர்த்தினான். அடுப்படிக்குப் போனான். அறைக்குப் போனான். ஒவ்வொரு சுவராக, அடியிலிருந்து மேலே கையைத் தடவிக்கொண்டே நடந்தான். நெபுலைசர் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"எம்புட்டு நாளா மாப்ள?"

என் கணவர் முகமூடியை எடுத்தார். "மழைக்குப் பொறவு."

"நான் ஆளுகளக் கூட்டிட்டு வந்தப்பல்லாம்?"

அவர் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான்தான் ஆமாம் என்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய தோள் ஏறி இறங்குவதை, கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுவதை. அன்றைக்குத்தான் அவன் அதை முதல்முறையாகப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. மச்சானுக்குக் காப்பி போடு என்று என் கணவர் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அது ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அண்ணன் கல்துண்டுகளைப் பையில் போட்டு எடுத்துப்போய், விவசாயிகளுக்கு மண் பரிசோதனை செய்கிற இடத்தில் கொடுத்தான். அங்கே இருந்தவர், இது எந்தக் காட்டு மண், இதில் புல்கூட முளைக்காதே, அவ்வளவு உப்பு என்று கேட்டிருக்கிறார். பிறகு மண்டபம் கட்டிய இடத்தைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தான். வெகுகாலத்துக்கு முன்பு அங்கே பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை இருந்திருக்கிறது. வெளுத்த தண்ணீர் வருஷக்கணக்கில் அந்தப் பூமியிலேயே இறங்கியிருக்கிறது. பட்டறையை மூடி, இடித்து, கைமாறி, முள் மண்டிக் கிடந்து, கடைசியில் மண்டபத்துக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாது. அவர்களுடைய கீழ்த்தளச் சுவரிலும் வெள்ளை பூத்துக்கொண்டிருந்ததாம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திட்டுவதற்குக்கூட எங்களுக்கு ஆள் இல்லை.

மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பார்த்தவன் உப்பைப் பார்க்கவில்லை. அது அவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த சில நாட்களில் தான் கல் கொடுத்த எல்லா வீடுகளுக்கும் போய், கேட்டுவிட்டு உள்ளே நுழைந்து, சுவரடியைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான். ஒன்றிலும் உப்பு இல்லை. எல்லாம் வேறு குழியின் மண். உறுதியாக நின்றன. அந்தத் தொழிலை அவன் தொடர்ந்து செய்திருக்கலாம். மதினி அழுது பார்த்தாள். கொட்டகைக்குப் போய் நானும் பேசினேன். "மத்த வீடெல்லாம் நல்லாத்தான அண்ணே இருக்கு. ஏன் நிறுத்துத?" என்று கேட்டேன். அவன் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, சாக்கு சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "மாப்ளைக்கு மூச்சு எப்பிடி இருக்கு?" என்றான். வேறு எதைக் கேட்டாலும் அதையே கேட்டான்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு மாறினோம். சாமான்களை ஏற்றிய மறுநாள் அண்ணன் கடப்பாரையோடு ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. ஓடுகளை இறக்கி அடுக்கினான். கட்டையை இறக்கினான். பிறகு சுவரை மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பிரித்தான். மேல் வரிசைக் கற்கள் முழுசாக, கூர்முனையோடு வந்தன. மாட்டுக் கொட்டத்துக்கு ஆகும் என்று தெருக்காரர் ஒருவர் கேட்டார். அண்ணன் கொடுக்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு கல்லையும் கடப்பாரையால் குத்தி உடைத்தான். அவர் கோபித்துக்கொண்டு போனார்.

என் கணவர் தினமும் குடை பிடித்துக்கொண்டு அங்கே போய்விடுவார். எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமர நிழல். காற்று தூசியை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ப்ளாஸ்க்கில் டீ கொண்டுபோவார். அண்ணன் வந்து குடித்துவிட்டுப் போவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நான் அங்கே போய்ப் பார்ப்பேன். அவர்கள் பேசிக்கொண்டு இருந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அவரிடம், வெயிலில் இங்கே வந்து உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் தனியா இருக்கான்ல என்றார்.

கடைசியில் அங்கே மண்தான் மிஞ்சியது. அள்ளிப் போக டிப்பர்காரர் ஒருவர் வந்தார். எங்கே கொட்டுவீர்கள் என்று அண்ணன் கேட்டான். கண்மாய்ப் பக்கம் என்றார் அவர். வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். காட்டுப் பள்ளத்துக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. அந்த மண் எங்கள் மனையிலேயே குவியலாகக் கிடக்கிறது. மழையில் கரைந்து கொஞ்சம் பரந்திருக்கிறது. சுற்றிலும் கருவேலம் முளைத்தும் குவியலின் மேல் ஒன்றும் முளைக்கவில்லை.

வாடகை வீட்டில் அவருக்கு முதலில் தேறியதுபோல இருந்தது. ஆவணியில் ரதவீதி வரைக்கும் நடந்து போய்வந்தார். கார்த்திகையில் சளி பிடித்து, காய்ச்சலாகி, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். மற்ற நோயாளிகளுக்குப் போடுகிற ஆக்சிஜன் முகமூடியை அவருக்கும் நானே போட்டேன். அண்ணன் வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே கிடந்தான். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. அவர் கேட்கிறார் என்று சொல்லி நான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

என் கணவர் முகமூடியை ஒதுக்கிவிட்டு, அண்ணனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

"சித்திரையில காத்தாடி போடாமத் தூங்குனேன் மச்சான். அது பொய்யில்ல."

அண்ணன் தலையை ஆட்டினான். பிறகு முகமூடியைச் சரியாக எடுத்து மாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். அவர் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் மூச்சு நின்றது.

நுரையீரல் மில்லிலேயே போய்விட்டது, சுவர்த் தூசி அதைக் கொஞ்சம் முந்தித் தள்ளியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காரியம் முடிந்த அன்று அண்ணனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மில்லுத் தூசிதான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ நர்சு" என்றான். "எனக்காகப் பொய் சொல்லாத."

அண்ணன் இப்போது ராஜபாளையத்தில் ஒரு குடோனில் காவலாளியாக இருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதில்லை. நான் லீவு கிடைக்கும்போது போவேன். மதினி சமைத்துப் போடுவாள். அவன் ஆஸ்பத்திரி வேலை எப்படி, பஸ் கிடைத்ததா என்று விசாரிப்பான். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வருவான். வீட்டுக்கு ஒருநாள் வாயேன் அண்ணே என்றால், வாரேன் என்பான்.

போன வருஷத்திலிருந்து, படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு ஊசி போட அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. சிவந்த மண்கல், கோணல் இல்லாத வரிசை. அண்ணன் கொடுத்த கல்தான் என்று வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். அவன் எனக்கு என்ன உறவு என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஊசி போட்டுவிட்டுச் செத்த நேரம் உட்கார்ந்து பெரியவரின் நாடியைப் பார்ப்பேன். அந்த அறையில் குளிர்ச்சியாக இருக்கும். பெரியவர் மூச்சு சீராக இருக்கும். எனக்கு அங்கே உட்கார்ந்திருப்பது கஷ்டமாகவும் இருக்கும், எழுந்து வரவும் மனம் இருக்காது.

ஒருநாள் அங்கிருந்து வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். உன் கல் வீட்டில்தான் இருந்தேன், சுவரடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டுத் தூசி இல்லை என்றேன்.

"மழை முடியட்டும்" என்றான்.

மழை முடிந்தது. தை மாசமும் போனது. வெயில் ஏறியது. சுவர் அப்படியே இருந்தது. மறுபடி சொன்னேன்.

"அடுத்த மழைக்குப் பொறவு பாரு" என்றான்.

இந்த வருஷ மழையும் முடிந்துவிட்டது. நேற்றுகூட அந்த வீட்டில் சுவரடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.